முதல் இழுப்பு யாருக்கு?

ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்வதில் கொல்கத்தாக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தோளில் ஒரு உத்தரீயம், கையில் ஒரு பூந்தொட்டி, அதற்கு மேல் ஒரு சந்தேஷ் மிட்டாய்ப் பெட்டி. மூன்றையும் சுமந்துகொண்டு சிரிக்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள். தொட்டியை வைத்துக்கொண்டு எப்படிக் கைகூப்புவது என்று மட்டும் எவரும் சொல்லித் தருவதில்லை. போன மாதம் எனக்கும் அந்த யோகம் அடித்தது.

நான் வேலை பார்த்தது தெற்குக் கொல்கத்தாவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. பெயர் வேண்டாம், எதற்கு வம்பு? ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் செல்களை ஆராயும் கூடத்தில் டெக்னீஷியனாக நுழைந்து, தலைமை டெக்னீஷியனாக வெளியே வந்தேன். இப்போது அங்கே புது மெஷின் வந்திருக்கிறது. நாங்கள் கண் வலிக்கப் பார்த்துச் சொன்னதையெல்லாம் அது தானே பார்த்து, "இந்தக் குழந்தையின் நோய் இன்ன பிரிவு, போக்கு இப்படி" என்று முன்கணிப்பையும் சேர்த்தே அச்சடித்துத் தந்துவிடுமாம். அதன் திறப்பு விழாவுக்குத்தான் அழைப்பு. அழைத்தவள் பௌலமி. ஒரு காலத்தில் என்னிடம் வேலை கற்றவள், இப்போது என் நாற்காலியில் இருக்கிறாள்.

"கோமதிதி, ஏற்பிகளும் முன்கணிப்பும், நேற்றும் இன்றும்னு பத்து நிமிஷம் பேசுங்க போதும்" என்றாள்.

பேசினேன். லேசர் என்றேன், சாயம் என்றேன். இளசுகள் எல்லாம் குனிந்து தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடியில் போன். குற்றம் சொல்ல மாட்டேன், லேசரைப் பற்றி யாராவது எனக்குச் சொன்னாலும் நான் அதைத்தான் செய்வேன். மேடையில் சொல்லியிருக்க வேண்டியது ஒரு ஸ்பூன் எலும்பு மஜ்ஜையின் கதை. அது விழாவுக்கு அடுக்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே கணக்கு அலுவலகத்தில் இருந்தார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணக்கு எனக்கு வராததால் விலங்கியல் படித்தேன், விலங்கியலுக்கு வேலை கிடைக்காததால் லேப் டிப்ளமோ படித்தேன். அப்புறம் பல வருஷம் ஊரார் சிறுநீரும் சளியுமாகப் போயிற்று. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எழுதினாலும் நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிடுவீர்கள். பிறகு ஒரு நாள் நாலாவது மாடிக்கு, காண்டீனுக்கு அடுத்த அறைக்கு, பெட்டி பெட்டியாக ஒரு மெஷின் வந்து இறங்கியது. அந்த வேலைக்குப் போக ஒருவரும் முன்வரவில்லை. இரண்டு காரணம். சாயம் வெளுத்துவிடும் என்று அங்கே எப்போதும் அரை இருட்டு. இன்னொன்று, அதற்கு டாக்டர் ஷுப்ராதான் தலைவி. என்னை யாரும் கேட்கவில்லை, அனுப்பிவிட்டார்கள்.

வயதில் மூத்த பெண்ணை இங்கே பெயரோடு 'தி' சேர்த்து அக்கா ஆக்கிவிடுவார்கள். ஆகவே அவர் எங்களுக்கு ஷுப்ராதி. ஒல்லி, குள்ளம், காட்டன் புடவை. பதினோரு மணிக்கு எவர்சில்வர் டப்பாவில் பொரி, அதில் கடுகெண்ணெய், பச்சை மிளகாய். மிளகாயைக் கடித்தபடியேதான் எங்களைக் கேள்வி கேட்பார். குரலை உயர்த்தவே மாட்டார். சாதாரணமாக 'துமி' என்று நீ போட்டுப் பேசுபவர், கோபம் வந்தால் 'ஆப்னி' என்று நீங்கள் போட ஆரம்பித்துவிடுவார். "நீங்கள் சற்று இங்கே வருவீர்களா?" என்று அவர் கேட்டால் எங்களுக்குக் குலை நடுங்கும். மரியாதையால் ஒருவரை அழவைக்க முடியும் என்று நான் அவரிடம்தான் கண்டேன்.

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. மானிட்டரில் நோயாளியின் பெயர் வரும் இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி வைத்திருப்பார். பெயரைப் பார்த்தால் மனசு சாயும், மனசு சாய்ந்தால் கண் சாயும் என்பார். "நல்லது", "கெட்டது" என்ற சொற்களை அந்த அறையில் சொல்லக்கூடாது. என்ன பார்க்கிறாய், எங்கே பார்க்கிறாய், அவ்வளவுதான். மூன்றாவது சட்டம் மிட்டாய் பற்றியது. இந்த ஊரில் நல்ல செய்தி கேட்டால் அடுத்த நொடி சந்தேஷ் வந்துவிடும். ரிப்போர்ட்டில் கையெழுத்து விழும் முன்னால் எவரும் பெட்டியைத் தொடக்கூடாது. 'தனக்குச் சர்க்கரை வியாதி, அதான் சட்டம் போடுது' என்று நாங்கள் முணுமுணுப்போம். கையெழுத்துப் போட்ட கையோடு முதல் சந்தேஷை அவர்தான் எடுப்பார் என்பது வேறு விஷயம்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு செல்லின் தோலிலும் ஏற்பிகள் என்று சில முளைகள் இருக்கும். வெளியிலிருந்து வரும் சேதிகளை வாங்கிக்கொள்வது அவற்றின் உத்தியோகம். அந்த முளைகளுக்கெல்லாம் நம்பர் உண்டு. நாங்கள் 'முப்பத்து மூணு இருக்கு, நூத்திப் பதினேழு இருக்கு, ஐம்பத்தாறு பளிச்சுனு இருக்கு' என்று பேசிக்கொள்வதை வெளியாள் கேட்டால் லாட்டரிக் கடை என்று நினைப்பான். சாயம் பூசிய மருந்தை மஜ்ஜையில் சொட்டினால், அந்தந்த நம்பர் உள்ள செல்லில் அந்தந்தச் சாயம் ஒட்டிக்கொள்ளும். இருட்டில் வைத்திருந்து, சிவப்பணுக்களைக் கரைத்து, கழுவி, மெஷினில் விட்டால், செல்கள் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் நடந்து போகும். திரையில் ஒவ்வொன்றும் ஒரு பொட்டு. சிதறின கடுகு மாதிரி ஆயிரமாயிரம் பொட்டுகள். அதில் எது குடும்பம், எது கொள்ளைக்கூட்டம் என்று பார்த்து மவுஸால் சுற்றி வேலி போட வேண்டும்.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் மைலாய்டு வகை கொஞ்சம் முரட்டு வகை. அதிலும் சில ஏற்பிகள் சேர்ந்து இருந்தால் மருந்துக்கு அடங்கும், சில சேர்ந்து இருந்தால் அடங்காது என்று அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஐம்பத்தாறு பளிச்சென்று இருந்து, சாதாரணமாக இருக்க வேண்டிய வேறு சில நம்பர்கள் காணாமல் போயிருந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் பொட்டுகளின் நிறத்தை மட்டும் நம்பி ஒரு குழந்தையை மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு அனுப்ப அன்றைக்கு ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. முதல் சுற்று மருந்து கொடுத்துவிட்டு மறுபடி மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்கள். மிச்சம் இல்லை என்றால் மருந்தே தொடரும். மிச்சம் இருந்தால் மாற்றுச் சிகிச்சை. குழந்தையின் தலையெழுத்து அந்த இரண்டாவது மஜ்ஜையில்தான்.

இனி அந்த மஜ்ஜை எடுக்கும் விஷயம். இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி சிரிஞ்சால் இழுப்பார்கள். முதல் இழுப்பில் வருவதுதான் அசல் மஜ்ஜை. இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் ரத்தம் கலந்துகொண்டே போகும். கடைசி இழுப்பு ஏறக்குறைய வெறும் ரத்தம். புத்தகத்தில் உள்ளது, எல்லாருக்கும் தெரியும். துளிக் கூட்டத்தைத் தேடுகிற எங்களுக்குத்தான் முதல் இழுப்பு வர வேண்டும் என்பதும் தெரியும்.

ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் முதல் இழுப்பு மல்லிக் சாரின் கண்ணாடித் தகடுகளுக்கு. அவர் மைக்ரோஸ்கோப்புக்காரர், ரத்தப் பிரிவுக்கே பெரியவர். இரண்டாவது குரோமோசோம் பிரிவுக்கு, அதன் தலைவர் மல்லிக் சாருக்கு அடுத்த சீனியர். அதற்கப்புறம் இன்னொருவர். நாங்கள் கடைசியாகப் பிறந்த டிபார்ட்மென்ட், அதிலும் பொம்பளைகள், அதிலும் காண்டீனுக்குப் பக்கம். எங்களுக்குக் கடைசி இழுப்பு. எங்கள் ஊர்ப் பக்கம் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கேஸ் நடத்துவார்கள். அதை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து பார்த்தால், இங்கே குழந்தையின் இடுப்பெலும்பில் பரிவட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷுப்ராதி எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் 'நோட்டட்' என்று ஒரே வார்த்தையில் பதில் வரும்.

இந்த நிலவரத்தில்தான் ஒரு நாள் வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். "கோமதிதி, உங்க தேசத்து ஆளுங்க வந்திருக்காங்க. அந்தம்மா அழறது என்ன பாஷைன்னே தெரியல, கொஞ்சம் வாங்க."

துறைமுகத்தைக் காவல் காக்கும் படையில் முருகேசன் ஹவில்தார். தூத்துக்குடிப் பக்கம், மாற்றலாகி வந்து கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். மனைவி இசக்கியம்மாள். பெண் தர்ஷினி, இரண்டாம் வகுப்பு. முருகேசனுக்கு இந்தி நன்றாகவே தெரியும். டாக்டர் சொன்னது முழுக்க விளங்கிவிட்டது. அதனால்தான் அதை மனைவியிடம் தமிழில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சொன்னேன். இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, நம்ம ஊருக்காரவுக நீங்க இருக்கியல்லா, பாத்துக்கிடுங்க" என்றாள். நான் டாக்டர் இல்லை என்று சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தர்ஷினிக்கு மூன்று பாஷையும் ஒரே பாஷை. "ஆன்ட்டி, ஊசி ஆரோ பாக்கி ஆச்சே?" என்று கேட்பாள். இன்னும் ஊசி மிச்சம் இருக்கா என்று அர்த்தம். இருக்கு என்றால், "தூர்!" என்று வங்காளக் கிழவி மாதிரி சலித்துக்கொள்வாள்.

பிளாஸ்திரி பெயரை மறைத்தால் என்ன, அந்த டியூப் யாருடையது என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தாறு திரையின் மேல் மூலையில் கொத்தாக மின்னியது. இருக்க வேண்டிய இரண்டு நம்பர் இல்லை. ஷுப்ராதி மிளகாயைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, "கோமதி, நீங்கள் வேலியை இன்னொரு முறை போடுவீர்களா?" என்றார். நீங்கள்! நான் ஒரு தப்பும் செய்யவில்லை. பயந்தாலும் அவர் ஆப்னிக்கு மாறுவார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முதல் சுற்று மருந்து முடிந்தது. குழந்தைக்கு முடியெல்லாம் கொட்டி, ரத்தம் மறுபடி ஊறி வந்த பிறகு, அந்த இரண்டாவது மஜ்ஜையை எடுத்தார்கள். முதல் இழுப்பு போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. மல்லிக் சார் தகட்டைப் பார்த்துவிட்டு வராந்தாவில் முருகேசனின் தோளைத் தட்டி, "க்ளீன்! ஆல் க்ளீன்!" என்றார். நல்ல மனுஷன்தான், சந்தோஷத்தை அவரால் அடக்கவே முடியாது.

ஊரோடு ஒத்து வாழ் என்று இசக்கிக்குப் பக்கத்துக் கட்டில்காரி சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் அறைக்கே பெரிய பெட்டியில் சந்தேஷ் வந்துவிட்டது. "யக்கா, லட்டு புடிச்சிக் கொண்டாரலாம்னு பாத்தேன். இங்க இதத்தான் திங்காவளாம். தின்னுங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சட்டப்படி பெட்டியை மேஜையில் வைத்தோம்.

டியூபைத் தூக்கிப் பார்த்ததுமே எனக்கு மனசு ஒப்பவில்லை. மஜ்ஜையில் சின்னச் சின்னத் துணுக்குகள் மிதக்கும், எண்ணெய் போலப் பளபளக்கும். இது தண்ணியாக ஓடியது. இருந்தாலும் முறைப்படி எல்லாம் செய்து மெஷினில் விட்டோம். ஷுப்ராதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன பாக்கற?"

"மேல் மூலை காலி, ஷுப்ராதி. ஐம்பத்தாறு கூட்டம் இல்ல."

"சரி. வேற என்ன இல்ல?"

நான் தேடினேன். மஜ்ஜை என்றால் பிறந்து வளரும் இளம் செல்கள் கூட்டம் கூட்டமாக இருக்க வேண்டும். அவையும் இல்லை. வளர்ந்து ஆளாகி ரத்தத்தில் சுற்றுகிற செல்கள்தான் நிறைந்து கிடந்தன.

"குழந்தைகளே இல்ல" என்றேன்.

"திருடனும் இல்ல, வீட்டு ஆளும் இல்லன்னா, நாம அந்த வீட்டுக்குள்ளயே போகல. தெருவைப் பாத்துட்டு வந்திருக்கோம்" என்றார். பேனாவை மூடிவிட்டார். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். திரும்ப எடுக்கணும்."

பெட்டிக்குள் எறும்பு புறப்பட்டிருந்தது. அதற்குச் சட்டம் கிடையாது.

மல்லிக் சாருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியது அறை முழுக்கக் கேட்டது. "ஷுப்ரா, உன் மெஷினுக்குக் கண் தெரியலைன்னா அதுக்குக் குழந்தையைக் குத்துவியா? நான் பாத்துட்டேன், க்ளீன். அப்பன்கிட்டச் சொல்லியும் ஆச்சு."

"நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், சார். எனக்குத்தான் ரிப்போர்ட் எழுதத் தெரியவில்லை" என்றார் ஷுப்ராதி. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவரை நான் பாத்துக்கறேன். அம்மாவை நீ பாத்துக்கோ. உன் பாஷை."

அன்றைக்கு அவர் எனக்குக் கொடுத்த வேலைக்கு, மல்லிக் சாரை நானே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

வார்டு ஜன்னல் பக்கம் இசக்கி குழந்தையின் ஃப்ராக்கைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது.

"பெரிய டாக்டரே நல்லாருக்குன்னு சொல்லிட்டாவ. அவுகளுக்கு மேல நீங்க யாரு? முட்டாயி வாங்கித் தின்னுட்டு மறுபடியும் குத்தணும்னு சொல்லுதிய?"

"தின்னல இசக்கி. அப்படியே இருக்கு."

"ஒங்களுக்குப் புள்ள இருக்கா யக்கா?"

இல்லை. அது அவளுக்கும் தெரியும். சுருக்கென்றுதான் இருந்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. 'எக்கேடும் கெட்டுப் போ' என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் பின்னால் கட்டிலில் தர்ஷினி மொட்டைத் தலையோடு படுத்தபடி, நர்ஸின் தொப்பியைப் பொம்மைக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே நின்றேன்.

"ஏ இசக்கி, ஒரு பான சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாகல்லா?"

"அதுக்கு?"

"அந்த ஒரு சோத்தப் பானைக்குள்ள இருந்துதான எடுக்கணும்? எங்க கைக்கு வந்தது வடிச்ச கஞ்சித் தண்ணி. அதத் தொட்டுப் பாத்துட்டு சோறு வெந்துருச்சுன்னு நான் எப்படிட்டி சொல்லுவேன்? வெந்திருக்கலாம். வேகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதிக் குடுத்தா, பின்னால படப்போறது நீயும் அவளும்."

இசக்கி ஃப்ராக்கை ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டாள். அப்புறம் கேட்டாள்.

"அப்ப சோத்த யாரு தின்னா?"

படித்தவர்கள் எத்தனையோ பேர் எங்கள் கூடத்துக்கு வந்து எவ்வளவோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. பதில் மல்லிக் சாரின் கண்ணாடித் தகட்டில் இருந்தது.

"இந்தத் தடவ நானே பானைகிட்ட நிப்பேன்" என்றேன்.

"நில்லுங்க" என்றாள். அது சம்மதமா, சாபமா என்று தெரியவில்லை. மறுபடி எடுப்பதற்கான படிவத்தில் முருகேசன் கையெழுத்துப் போட்டார்.

மல்லிக் சாரை ஷுப்ராதி பார்த்துக்கொண்ட விதம்தான் இந்தக் கதையிலேயே அழகு. சண்டை போடவில்லை, புத்தகத்தைக் காட்டவில்லை. நேராக அவர் அறைக்குப் போய், "சார், இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஊசி பிடிக்கவே தெரியல. உங்க கையால ஒரு தடவை எடுத்துக் கொடுத்தால்தான் எனக்கு நிம்மதி" என்றார். மல்லிக் சார் ஊசியைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கேட்டதும் மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இழுப்பவர் அவர் என்றால், முதல் டியூபை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பது யார் என்பதை அவர் யோசிக்கவில்லை. ஷுப்ராதி யோசித்திருந்தார்.

குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, இந்த முறை மறு பக்கத்து இடுப்பில் ஊசி இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மனுஷனுடைய கை அபாரம். ஒரு நடுக்கம் இல்லை, ஒரு அவசரம் இல்லை. சிரிஞ்சு நிறைந்ததும் பழக்க தோஷத்தில் தகடு வைத்திருந்த பக்கம் திரும்பினார்.

"சார், உங்க தகடுதான் போன தடவையே க்ளீன் சொல்லியாச்சே. முடிஞ்ச தீர்ப்புக்கு மறுபடி எதுக்கு சாட்சி? இது எங்க ஆறுதலுக்கு" என்றார் ஷுப்ராதி, வெண்ணெய் வழிய.

மல்லிக் சார் வாய்விட்டுச் சிரித்தார். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. மெஷின்காரிகள் திருப்தியா இருக்கட்டும்." முதல் இழுப்பு என் கையில் இருந்த டியூபில் விழுந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். துணுக்குகள் மிதந்தன, எண்ணெய் மினுங்கியது. அதை நாலாவது மாடிக்கு நான் கொண்டுபோன மாதிரி எங்கள் ஊரில் சாமி தீர்த்தத்தைக்கூட யாரும் கொண்டுபோனதில்லை.

திரையில் இளம் செல்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிறைந்தன. இப்போது வீட்டுக்குள் இருந்தோம். மேல் மூலையில் முதலில் ஒன்றுமில்லை. நான் மூச்சு விட்டேன். அப்புறம் ஒரு பொட்டு, தள்ளி ஒன்று, பக்கத்தில் ஒன்று. மெஷின் ஓட ஓட, அதே இடத்தில் சின்னதாகக் கொத்து சேர்ந்தது. ஐம்பத்தாறு. மைக்ரோஸ்கோப்பில் தெரியாத அளவு, ஆனால் மிச்சம்தான்.

ஷுப்ராதி ரிப்போர்ட்டை எழுதினார், கையெழுத்துப் போட்டார். பிறகு ஒருநாளும் செய்யாததைச் செய்தார். நகத்தால் சுரண்டி மானிட்டரில் இருந்த பிளாஸ்திரியை உரித்தார். "தோர்ஷினி" என்று தன் வங்காள நாக்கில் மெதுவாகப் படித்தார். சந்தேஷ் பெட்டியை எறும்போடு எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைக்கச் சொன்னார். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷமா, இசக்கியிடம் சொல்ல வேண்டுமே என்ற பயமா, இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

சொன்னபோது இசக்கி அழவில்லை. "நீங்க பாக்காம இருந்திருந்தா நான் சந்தோசமா இருந்திருப்பேம்லா" என்றாள்.

"இருந்திருப்ப. கொஞ்ச நாளைக்கு."

அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. தெற்கே ஓர் ஆஸ்பத்திரியில் அப்பாவின் மஜ்ஜையைக் குழந்தைக்கு ஏற்ற ஏற்பாடாயிற்று. ரயிலேறப் போகும்போதுகூட வார்டு வாசலில் என்னைத் தாண்டித்தான் போனாள். தர்ஷினி மட்டும் திரும்பிக் கையாட்டினாள்.

சில மாதத்தில் ஒரு சர்க்குலர் வந்தது. இனி மிச்சம் பார்க்கும் சோதனைக்கு முதல் இழுப்பு எங்கள் கூடத்துக்கு. கையெழுத்து, மல்லிக். அத்தோடு விட்டாரா? ஒரு கூட்டத்தில் ஏறி நின்று 'நான் கொண்டுவந்த முறை' என்று படம் போட்டுக் காட்டினார். ஷுப்ராதி முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து பொரிந்து தள்ளினேன்.

"இழுப்பு நமக்கு வருதில்ல? பேர் அவர்கிட்ட இருக்கட்டும். பேரைப் போட்டு மெஷின் ஓட்ட முடியுமா?" என்றார் அவர். இப்போது அவர் இல்லை. அந்த எவர்சில்வர் டப்பா என் வீட்டில், ஜாதவ்பூரில் இருக்கிறது.

வருஷங்கள் கழித்து ஒரு போன். "யக்கா, இசக்கி பேசுதேன்" என்றாள், நேற்றுத்தான் பேசி முடித்த மாதிரி. தர்ஷினி காலேஜில் சேர்ந்துவிட்டாளாம். நீங்கள் எதிர்பார்ப்பது புரிகிறது. இல்லை, டாக்டருக்குப் படிக்கவில்லை. பி.காம். ரத்தத்தைப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றுமாம். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஐம்பத்தாறு சொன்னது நூறு குழந்தைகளைப் பற்றி. இந்த ஒரு கழுதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் பார்க்காமல் விட்டிருந்தால் அது சொன்னதுதான் நடந்திருக்கும்.

மறுபடி அந்தத் திறப்பு விழாவுக்கு வருகிறேன். போட்டோ முடிந்ததும் பௌலமி என்னைப் புது மெஷினிடம் கூட்டிப்போனாள். திரையில் ஒரு குழந்தையின் மஜ்ஜை. வேலிகளை மெஷினே போட்டு வைத்திருந்தது. கீழே பச்சை எழுத்தில் 'மிச்சம் இல்லை'. அழகாகத்தான் இருந்தது. பௌலமி முகத்தில்தான் பச்சை இல்லை.

"இது எந்த இழுப்பு?" என்றேன்.

தலையைக் குனிந்தாள். "கடைசி, தி."

"முதல்?"

"ஜீன் டிபார்ட்மென்ட்டுக்கு. புதுசா வந்திருக்காங்க. அவங்க ஹெட் ரொம்ப சீனியர்."

"அந்த சர்க்குலர்?"

"மல்லிக் சார் ரிடையர் ஆனதோட அதுவும் ரிடையர் ஆயிடுச்சு. நான் சொல்லிப் பாத்தேன் தி. 'நோட்டட்'னு வந்துச்சு." அச்சான ரிப்போர்ட்டைக் காலையிலிருந்து கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தாள். பெற்றவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அடிப்பாவி, லேசரைப் பத்திப் பேசவா என்னைக் கூப்பிட்டே?"

"ஷுப்ராதிகிட்ட வேலை பாத்தவங்க வேற யார் இருக்கா?" என்றாள். சிரித்தாள், கண் கலங்கியிருந்தது.

நான் உத்தரீயத்தைக் கழற்றி மடித்தேன். பூந்தொட்டியில் என் பெயர் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜீன் டிபார்ட்மென்ட்டுக்குப் போனோம். அந்தப் பெரியவரின் தோளில் போர்த்தி, கையில் தொட்டியைக் கொடுத்து, "நாலு மாடியிலும் உங்க கையைப் பத்தித்தான் பேச்சு சார், ஒரு தடவை நீங்களே மஜ்ஜையை எடுத்துக் கொடுத்தா எங்க பெண்களுக்கு நிம்மதி" என்று வங்காளத்தில் வெண்ணெய் வழியச் சொன்னேன். பௌலமி போட்டோ எடுத்தாள். தொட்டியை வைத்துக்கொண்டு எப்படிக் கைகூப்புவது என்று அவருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை தானே வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தோம். பெஞ்சில் அந்த அம்மா எழுந்து நின்றாள். சின்ன வயசு, முர்ஷிதாபாத் பக்கத்துப் பேச்சு. "நல்லா இருக்குதானே தி? மெஷினில் பச்சையா வந்துச்சாமே?"

"நான் சொல்லட்டுமா?" என்றாள் பௌலமி.

"நீ போய் முதல் டியூபைத் தயார் பண்ணு" என்றேன்.

அந்த அம்மாவிடம், இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. எனக்குத் தெரிந்த முகம்தான். சோறும் பானையும் வங்காளத்துக்கும் பொது, அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். கையில் மிச்சமிருந்த சந்தேஷ் பெட்டியைப் பையின் அடியில் தள்ளிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் திட்டி முடிக்கட்டும்.